வாலில் இருந்த சுவர்

1947 அக்டோபர். கலிஃபோர்னியாவின் மோஹாவி பாலைவனத்துக்கு மேலே, ஏறத்தாழ நாற்பதாயிரம் அடி உயரத்தில், சக் யேகர் என்ற இருபத்து நான்கு வயது விமானப்படை கேப்டன் கையிலிருந்த ஸ்டிக்கைப் பின்னால் இழுக்கிறார். இழுத்தால் விமானத்தின் மூக்கு மேலே எழும்ப வேண்டும். எழும்பவில்லை. இன்னும் இழுக்கிறார். ஒன்றுமே நடக்கவில்லை. விமானம் தன் போக்கில் நேராகப் போய்க்கொண்டே இருக்கிறது. வேகம் காட்டும் மாக்மீட்டரில் முள் 0.94இல் நிற்கிறது. அதாவது ஒலியின் வேகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு.

யேகர் என்ஜினை அணைத்தார், மிச்ச எரிபொருளை வெளியே கொட்டினார், சறுக்கியபடி வந்து தரையிறங்கினார். அவ்வளவுதான், இதற்கு மேல் போக முடியாது என்பதுதான் அவருடைய அப்போதைய முடிவு. மூக்கை ஏற்றவோ இறக்கவோ முடியாத ஒரு விமானத்தை யாரும் இன்னும் வேகமாக ஓட்டிப் பார்க்க மாட்டார்கள்.

ஒலித்தடையை உடைத்த கதை என்றால் நம் நினைவுக்கு வருவது அக்டோபர் 14ஆம் தேதிதான். ஆரஞ்சு நிற ராக்கெட் விமானம், நொறுங்கிய விலா எலும்பு, துடைப்பக் குச்சி, இடி முழக்கம். அதெல்லாம் உண்மைதான். அதற்குச் சில நாட்கள் முந்திய இந்த ஸ்டிக் இழுப்பில்தான் விஷயமே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கை சொன்னதை விமானம் கேட்காமல் போன அந்தச் சில நொடிகள்தான் உண்மையான ஒலித்தடை. அதை உடைத்ததும் தைரியம் மட்டும் அல்ல.

*

முதலில் கொஞ்சம் இயற்பியல். பயப்பட வேண்டாம், சமன்பாடு கிடையாது.

ஒரு பொருள் காற்றில் நகரும்போது, முன்னால் இருக்கும் காற்றுக்கு அது வரும் செய்தி அழுத்த அலையாகப் போய்ச் சேர்கிறது. அழுத்த அலை என்பதும் ஒலி என்பதும் ஒன்றுதான். ஊர்த் திருவிழாவில் சாமி புறப்பாட்டுக்கு முன்னால் மேளம் போகும் இல்லையா? சத்தம் கேட்டதும் தெருவில் நிற்பவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். மெதுவாகப் போகும் விமானத்துக்குக் காற்று இப்படித்தான் வழிவிடுகிறது. சப்பரம் மேளச் சத்தத்தையே முந்திக்கொண்டு ஓடினால்? யாருக்கும் செய்தி போயிருக்காது. ஒதுங்க நேரம் இருக்காது. ஆளோடு ஆள் மோதி நெரிசலாகும். காற்றில் ஏற்படும் அந்த நெரிசலுக்குப் பெயர்தான் அதிர்ச்சி அலை. மில்லிமீட்டரில் ஒரு சிறு பகுதிக்கும் குறைவான தடிமனுள்ள பரப்பு அது. அதைக் கடக்கும் காற்றின் அழுத்தமும் வெப்பமும் சட்டென்று ஏறிவிடும்.

ஒலியின் வேகம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. காற்றின் வெப்பநிலையைப் பொறுத்து மாறும். கடல் மட்டத்தில், 15 டிகிரியில் மணிக்கு 1,225 கிலோமீட்டர். பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் உயரத்தில் குளிர் மைனஸ் 56 டிகிரி. அங்கே ஏறத்தாழ 1,060 கிலோமீட்டர்தான். அதனால்தான் கிலோமீட்டரில் பேசாமல் மாக் எண்ணில் பேசுகிறார்கள். அந்த இடத்தில் ஒலி போகும் வேகம்தான் மாக் 1.

இதில் ஒரு சிக்கல். விமானம் மாக் 1ஐத் தொடுவதற்கு வெகு முன்பே அதன் சில பகுதிகள் மாக் 1ஐத் தாண்டிவிடும். இறக்கையின் வளைந்த மேற்பரப்பில் காற்று விரைவாக ஓடும். அப்படித்தான் இறக்கை விமானத்தைத் தூக்குகிறது. ஆகவே விமானம் 0.75இல் போகும்போதே இறக்கை மேல் ஓடும் காற்று ஒலியை முந்தத் தொடங்கும். அங்கே ஒரு அதிர்ச்சி அலை உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பின்னால் காற்று கலைந்து, சுழன்று, வாலைப் போட்டு உலுக்கும். வேகம் கூடக்கூட அந்த அலை பின்னோக்கி நகரும். முழுக்க மெதுவாகவும் இல்லாத, முழுக்க வேகமாகவும் இல்லாத இந்த இரண்டுங்கெட்டான் பகுதியில்தான் ஆட்கள் செத்தார்கள்.

ஒலியை விட வேகமாக ஒன்று போக முடியும் என்பதில் அன்றைக்கு எந்த விஞ்ஞானிக்கும் சந்தேகம் இருக்கவில்லை. துப்பாக்கிக் குண்டு போகிறது. 1880களிலேயே எர்ன்ஸ்ட் மாக், பறக்கும் குண்டின் முன்னால் நிற்கும் அதிர்ச்சி அலையைப் புகைப்படமாக எடுத்துக் காட்டிவிட்டார். அவ்வளவு ஏன், சாட்டையைச் சொடுக்கும்போது கேட்கும் அந்தச் சுளீர் சத்தமே அதன் நுனி ஒலியை முந்துவதால் வருவதுதான். மாட்டுவண்டிக்காரர் தினமும் உடைத்த தடை! பறக்க முடியுமா என்பது கேள்வியே இல்லை. அப்படிப் பறக்கும்போது கட்டுப்படுத்த முடியுமா, உள்ளே இருக்கும் ஆள் உயிரோடு இறங்குவாரா என்பதுதான் கேள்வி.

பிறகு இந்தச் 'சுவர்' எங்கிருந்து வந்தது? 1935இல் டபிள்யூ. எஃப். ஹில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஒரு செய்தியாளருக்கு வரைபடம் ஒன்றைக் காட்டினார். வேகம் ஒலியை நெருங்க நெருங்கக் காற்றின் எதிர்ப்பு எப்படிச் செங்குத்தாக ஏறுகிறது பாருங்கள், ஒரு தடுப்பு மாதிரி எழுந்து நிற்கிறது என்று விளக்கினார். மறுநாள் பத்திரிகைகளில் 'ஒலித்தடை' பிறந்துவிட்டது. வரைபடத்தில் இருந்த கோடு வானத்தில் சுவராகிவிட்டது. ஒரு உவமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

*

உவமைதான், ஆனாலும் சாவுகள் நிஜம். 1941 நவம்பரில் லாக்ஹீட் நிறுவனத்தின் ரால்ஃப் விர்டன் பி-38 விமானத்தில் செங்குத்தாகப் பாய்ந்து சோதித்தபோது வால் பிய்ந்து இறந்தார். போரின்போது பல விமானிகள் இதே அனுபவத்தோடு திரும்பினார்கள், அல்லது திரும்பாமல் போனார்கள். பாயும்போது ஸ்டிக் கல்லாகிவிடும், மூக்கு இன்னும் கீழே போகும், கனமான காற்றுள்ள தாழ்ந்த உயரத்துக்கு வந்த பிறகுதான் பிடி கிடைக்கும். கிடைத்தால்.

1946 செப்டம்பர் 27ஆம் தேதி மாலை, பிரிட்டனின் ஜெஃப்ரி டி ஹேவிலாண்ட் தேம்ஸ் நதியின் முகத்துவாரத்துக்கு மேலே டிஹெச் 108 என்ற விமானத்தில் பறந்தார். விமான நிறுவனத்தை நிறுவியவரின் மகன். அவருடைய தம்பி ஜான் மூன்றாண்டுகளுக்கு முன்புதான் சோதனைப் பறப்பில் இறந்திருந்தார். டிஹெச் 108க்குக் கிடைமட்ட வாலே கிடையாது. பின்னோக்கி வளைந்த இறக்கை மட்டும்தான். ஒலி வேகத்தை நெருங்கியதும் அது மேலும் கீழுமாகத் துள்ளி, துண்டு துண்டாகச் சிதறியது.

பின்னர் எரிக் பிரவுன் என்ற கடற்படை விமானி அதே ரக விமானத்தில் ஏறி, என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள அதே வேகத்துக்குப் போனார். அவருக்கும் அதே துள்ளல். பிரவுன் குள்ளமானவர். டி ஹேவிலாண்ட் உயரமானவர். துள்ளலில் தலை கண்ணாடிக் கூரையில் மோதிக் கழுத்து முறிந்திருக்கிறது, என் உயரம்தான் என்னைக் காப்பாற்றியது என்று பிரவுன் பிற்காலத்தில் சொன்னார். இப்படிப்பட்ட ஆட்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு வீரத்தைவிட ஒரு பிடிவாதமான ஆர்வம்தான் தெரிகிறது. ஒருவன் செத்த இடத்துக்கு, செத்த விதத்தைத் தெரிந்துகொள்வதற்காகவே திரும்பிப் போவது.

ஏன் இதையெல்லாம் ஆளை வைத்துச் சோதிக்க வேண்டும்? காற்றுச் சுரங்கத்தில் பொம்மை விமானத்தை வைத்துப் பார்க்கக் கூடாதா? பார்த்தார்கள். ஆனால் அன்றைய சுரங்கங்களில் மாக் 1க்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமான பகுதியில் அதிர்ச்சி அலைகள் சுவரில் பட்டுத் திரும்பி, காற்றோட்டமே அடைத்துக்கொண்டது. எந்த இடத்தில் பதில் தேவையோ, சரியாக அந்த இடத்தில் கருவி ஊமையாகிவிட்டது. சுவரில் நீளவாக்கில் பிளவுகள் விட்டு இந்தச் சிக்கலைத் தீர்க்க, ஜான் ஸ்டாக் தலைமையில் லாங்லி ஆய்வகத்தினருக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயின. அதுவரை வானம்தான் ஆய்வகம்.

*

பெல் நிறுவனம் கட்டிய எக்ஸ்-1 விமானத்தை அப்படி ஒரு ஆய்வகம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒலியை முந்தும்போதும் நிலையாகப் போவது என்று தெரிந்த ஒரே வடிவம் துப்பாக்கிக் குண்டுதான்; ஆகவே உடலை 0.50 அங்குலக் குண்டின் வடிவத்தில் செய்தார்கள். இறக்கை மெல்லியது, நேரானது. வாலை இறக்கையைவிட இன்னும் மெல்லியதாக வைத்தார்கள், இரண்டும் ஒரே வேகத்தில் ஒரே நேரத்தில் மக்கர் பண்ணக் கூடாது என்பதற்காக. நான்கு அறைகள் கொண்ட ராக்கெட் என்ஜின். ஒவ்வொன்றும் 1,500 பவுண்டு உந்துவிசை. தனித்தனியாக ஏற்றலாம், அணைக்கலாம், ஆனால் கூட்டிக் குறைக்க முடியாது. திரவ ஆக்சிஜனும் ஆல்கஹாலும் எரிபொருள். நான்கையும் ஏற்றினால் இரண்டரை நிமிடத்தில் தொட்டி காலி. எனவே தரையிலிருந்து கிளப்பாமல், பி-29 குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றில் கட்டி மேலே கொண்டுபோய் நழுவவிட்டார்கள்.

முதலில் ஓட்டியவர்கள் பெல் நிறுவனத்தின் விமானிகள். அவர்களில் சாமர்ஸ் குட்லின் ஒலியைத் தாண்ட 1,50,000 டாலர் கேட்டார், அதனால்தான் விமானப்படை தன் சொந்த ஆளைப் போட்டது என்ற கதை பிரபலம். பேராசைக்காரன், தேசபக்தன் என்று பிரித்துச் சொல்ல வசதியான கதை. பேசிய தொகை நிறுவனத்தோடு போட்ட உடன்பாடுதான், தான் மிரட்டிக் கேட்கவில்லை என்று குட்லின் கடைசி வரை மறுத்தார். எனக்கு அதில் குற்றமாக ஒன்றும் படவில்லை. சாகக்கூடிய வேலைக்குக் கூலி பேசுவது பாவமா என்ன? திட்டம் விமானப்படைக்குக் கைமாறியது. கர்னல் ஆல்பர்ட் பாய்ட் தேர்ந்தெடுத்தது யேகரை. அவர் மாதம் முன்னூறு டாலருக்கும் குறைவான கேப்டன் சம்பளத்தில் அதே வேலையைச் செய்தார்.

யேகர் மேற்கு வர்ஜீனியாவின் மலைக்கிராமத்துப் பையன். படிப்பு பள்ளியோடு சரி. விமானப்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்து விமானியானவர். 1944இல் பிரான்சுக்கு மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு, பிரெஞ்சுக் கொரில்லாக்களின் உதவியோடு பைரனீஸ் மலையைக் கடந்து ஸ்பெயினுக்குத் தப்பியவர். திரும்பவும் போருக்குப் போய் ஒரே நாளில் ஐந்து ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு. அசாத்தியமான கண்பார்வை. அதைவிட முக்கியம், இயந்திரத்தின் சத்தத்தையும் நடுக்கத்தையும் வைத்தே அதற்கு என்ன நோவு என்று சொல்லும் திறமை.

ஆனால் அவருக்குச் சமன்பாடுகள் தெரியாது. அதற்குத்தான் கேப்டன் ஜாக் ரிட்லி.

ரிட்லி ஓக்லஹோமாக்காரர். இயந்திரவியல் படித்து, பிறகு கால்டெக்கில் தியோடர் வான் கார்மனின் மாணவராக விமானவியல் படித்தவர். தானும் சோதனை விமானி. எக்ஸ்-1 திட்டத்தின் பொறியாளர். பொறியாளர்களின் பாஷையை விமானிக்கும், விமானியின் உடம்பு உணர்ந்ததைப் பொறியாளர்களுக்கும் மொழிபெயர்க்கக்கூடியவர். ரிட்லி சொன்னால் தவிர தான் எதையும் முழுதாக நம்பியதில்லை என்ற பொருளில் யேகர் பின்னாளில் பலமுறை பேசியிருக்கிறார். இந்த மாதிரி ஆள் ஒருவர் எல்லா அணியிலும் இருப்பார், இல்லாவிட்டால் அந்த அணி தேறாது. பதாகையில் அவர் படம் இருக்காது.

*

இப்போது அந்த ஸ்டிக்குக்குத் திரும்புவோம்.

விமானத்தின் வாலில் இரண்டு பக்கமும் சின்ன இறக்கை போல நீட்டிக்கொண்டிருப்பது ஸ்டெபிலைசர். அதன் பின் ஓரத்தில், கதவுக்குக் கீல் போடுவதுபோலப் போட்டு மாட்டிய அசையும் பலகை எலிவேட்டர். ஸ்டிக்கை இழுத்தால் பலகை மேலே மடியும். இதில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. மடிந்த பலகை மட்டும் வாலை அழுத்துவதில்லை. பலகை மடிந்தது என்ற செய்தி அழுத்த அலையாக முன்னோக்கிப் போய், வால் முழுவதன் மீதும் ஓடும் காற்றை மாற்றுகிறது. மொத்த வாலும் சேர்ந்து தள்ளுவதால்தான் சின்னப் பலகைக்கு அவ்வளவு பலம்.

மாக் 0.94இல் என்ன நடந்தது? பின்னோக்கி நகர்ந்துகொண்டே வந்த அதிர்ச்சி அலை சரியாக அந்தக் கீல் மேல் வந்து நின்றது. அதற்கு முன்னால் காற்று ஒலியை விட வேகமாக ஓடுகிறது. ஒலி வேகத்தில் போகும் செய்தி, ஒலியை விட வேகமாக எதிர்த்து வரும் ஆற்றில் நீந்தி மேலே போக முடியாது. பலகை மடிகிறது, வாலின் முன்பகுதிக்குத் தெரியவே தெரியாது. யேகரின் கை இழுத்தது, கம்பி இழுத்தது, பலகையும் அசைந்தது. செய்தி மட்டும் கீலைத் தாண்டவில்லை.

ரிட்லிக்கு இது புரிந்தது. விடை விமானத்திலேயே ஏற்கெனவே இருந்தது என்பதுதான் அழகு. என்.ஏ.சி.ஏ. (பின்னாளில் நாசாவாக மாறிய ஆய்வுக் குழு) பொறியாளர்கள் கேட்டுக்கொண்டபடி, எக்ஸ்-1இன் ஸ்டெபிலைசர் முழுவதையும் கொஞ்சம் சாய்க்கும்படி பெல் வடிவமைத்திருந்தது. அதற்கு ஒரு மோட்டாரும், விமானியறையில் ஒரு சுவிட்சும் உண்டு. பறப்பின் சமநிலையைச் சீராக்குவதற்கான வசதி அது. ஸ்டிக்கை மறந்துவிட்டு அந்தச் சுவிட்சாலேயே விமானத்தை ஓட்டினால் என்ன என்றார் ரிட்லி. பலகையிலிருந்து முன்னோக்கிச் செய்தி போக முடியாதென்றால் வாலையே மொத்தமாகத் திருப்பிவிடு. கால் டிகிரி, மூன்றில் ஒரு டிகிரி அளவுக்குத் திருப்பினாலே போதும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்.

அந்த மோட்டார் நடுவழியில் சிக்கிக்கொண்டால்? வால் ஒரே கோணத்தில் நின்றுவிடும், யேகர் திரும்பி வர மாட்டார். தரையில் இயக்கிப் பார்த்தார்கள். பிறகு வானத்தில், புதிய வழியைப் பழைய வேகத்திலேயே முதலில் பழகிப் பார்த்தார்கள். வேலை செய்தது. மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்: ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மாற்றவில்லை. மாக் எண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான், 0.02 போல ஏற்றிக்கொண்டு வந்தார்கள். என்.ஏ.சி.ஏ. ஆட்களின் நிதானத்தைப் பார்த்து விமானப்படைக்காரர்கள் எரிச்சல்பட்டார்கள் என்பதும் உண்மை. இரண்டு தரப்பின் அந்த இழுபறியே அவரைக் காப்பாற்றியது என்பேன்.

*

விலா எலும்புக் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விடமாட்டீர்கள். அக்டோபர் 12, ஞாயிறு இரவு. மனைவி க்ளெனிஸோடு குதிரையில் போன யேகர், மூடியிருந்த வேலிக் கதவில் மோதி விழுந்தார். இரண்டு விலா எலும்புகள் முறிந்தன. ராணுவ மருத்துவரிடம் போனால் பறக்க விடமாட்டார்கள் என்று வெளி மருத்துவரிடம் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டார். வலது கையைத் தூக்க முடியவில்லை. எக்ஸ்-1இன் கதவை உள்ளிருந்து வலது பக்கமாக அழுத்திப் பூட்ட வேண்டும். க்ளெனிஸைத் தவிர விஷயம் தெரிந்த ஒரே ஆளான ரிட்லி, ஒரு துடைப்பக் கட்டையை அறுத்து நெம்புகோலாகக் கொடுத்தார். இடது கையால் கட்டையைப் பிடித்து நெம்பினால் கதவு பூட்டிக்கொள்ளும்.

எல்லோரும் ரசிக்கும் கதை. எனக்கு இது கொஞ்சம் உறுத்தும். 0.02 வீதம் ஏற்றி இவ்வளவு நிதானமாகச் செய்த ஒரு திட்டத்தின் கடைசிப் படியில், உடைந்த எலும்போடு ஒருவர் ஏறுகிறார், பொறியாளர் அதை மறைக்கத் துணை போகிறார். பிழைத்ததால் இது வீரக் கதை. பிழைக்காமல் போயிருந்தால் விசாரணை அறிக்கையில் ஒரு பத்தி.

அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை காலை. முன்பு ஒரு பறப்பில் கண்ணாடியில் உறைபனி மூடி வெளியே ஒன்றும் தெரியாமல் போயிருந்ததால், இந்த முறை தரைப் பணியாளர்கள் கண்ணாடியில் ஷாம்பு தடவிவிட்டார்கள். இருபதாயிரம் அடியில் பி-29 எக்ஸ்-1ஐ நழுவவிட்டது. யேகர் நான்கு அறைகளையும் ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்து, உயரே ஏறினார். வழியில் சுவிட்சைத் தட்டித்தட்டி வாலைச் சோதித்தார். நாற்பதாயிரம் அடியைத் தாண்டி, இரண்டு அறைகளை அணைத்துவிட்டு நேராக்கினார். மூன்றாவது அறையை மறுபடி ஏற்றினார். மாக்மீட்டர் முள் 0.965 வரை வந்து நடுங்கியது, தயங்கியது, பிறகு ஒரே தாவலாக அளவுகோலுக்கு வெளியே போய்விட்டது. அந்த மாக்மீட்டரில் எண்கள் 1.0 வரைதான் இருந்தன.

உலுக்கல் நின்றது. எல்லாம் சீரானது. மீட்டருக்கு ஏதோ கோளாறு என்ற தோரணையில் யேகர் ரிட்லிக்கு ரேடியோவில் சொன்னார். ரகசியத் திட்டம் என்பதால் வெளிப்படையாகப் பேச முடியாது. ரிட்லியும் உனக்குத்தான் பிரமை என்கிற மாதிரி பதில் சொன்னார். தரையில் இருந்தவர்கள் தூரத்து இடி போல ஒன்றைக் கேட்டார்கள். உயரம் சுமார் 43,000 அடி, வேகம் மாக் 1.06, மணிக்கு ஏறத்தாழ 1,127 கிலோமீட்டர். விமானியறைக்குப் பக்கத்தில் 'கிளாமரஸ் க்ளெனிஸ்' என்று மனைவி பெயர் எழுதியிருந்தது.

முள் ஏன் தாவியது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மாக்மீட்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தை ஒரு சிறு துளை வழியாக அறிகிறது. விமானத்துக்கு முன்னால் உருவாகும் அதிர்ச்சி அலை அந்தத் துளையைக் கடந்து போகும் வரை கருவி உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். கடந்ததும் சட்டென்று சரியாகிவிடும். விமானம் தாவவில்லை, கருவிதான் தாவியது. அக்டோபர் 10 பறப்பின் பதிவுகளை என்.ஏ.சி.ஏ. பிறகு திருத்திக் கணக்கிட்டபோது, மீட்டர் 0.94 காட்டிய அன்று விமானம் உண்மையில் 0.997 வரை போயிருந்தது தெரிந்தது. சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றதாக நினைத்தவர் வாசலில் தலையை நீட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

பறப்புப் பதிவுகளிலிருந்து எண்களை எடுத்துக் கணக்கிட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களின் பதவிப் பெயரே 'கம்ப்யூட்டர்'. அந்தப் பாலைவனத் தளத்தில் அவர்களை வழிநடத்திய ரோக்ஸானா யான்சியின் பெயரை இந்தத் துறைக்கு வெளியே கேள்விப்பட்டவர்கள் குறைவு.

*

அன்றைக்கு உலகத்துக்கு எதுவும் தெரியாது. டிசம்பரில் 'ஏவியேஷன் வீக்' பத்திரிகை செய்தியைக் கசியவிட்டது. விமானப்படை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது 1948 ஜூனில்தான். வேகத்தைவிடவும் மறைத்து வைக்க வேண்டியதாக அவர்கள் நினைத்தது வாலை. 1952இல் டேவிட் லீன் 'தி சவுண்ட் பேரியர்' என்று ஒரு படம் எடுத்தார். அதில் ஆங்கிலேய விமானி ஒருவர் ஸ்டிக்கை எதிர்த்திசையில் தள்ளித் தடையை உடைக்கிறார்! மிகப் பிரபலமான படம். அப்படிச் செய்தால் சாவுதான் என்று யேகர் கேலி செய்தார். உண்மையான விடை தெரியாதபோது கதை தன் விடையைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

பிரிட்டிஷ்காரர்களுக்கு இதில் ஒரு நியாயமான மனக்குறை உண்டு. மைல்ஸ் எம்.52 என்ற அவர்களுடைய விமானத்துக்கு முழுவதும் அசையும் வாலை அவர்கள் போர்க்காலத்திலேயே வடிவமைத்து, ஒரு ஸ்பிட்ஃபயரில் பொருத்திச் சோதித்தும் இருந்தார்கள். 1944இல் அமெரிக்கர்கள் வந்து தகவல்களை வாங்கிப் போனார்கள். 1946 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அரசு திட்டத்தையே கைவிட்டது. ஆகவே எக்ஸ்-1இன் வால் எங்களுடையது என்கிறார்கள் சிலர். சாய்க்கக்கூடிய ஸ்டெபிலைசர் அதற்கு முன்பே சில விமானங்களில் இருந்தது, மெஸ்ஸர்ஷ்மிட் 109இல் கூட. நாங்கள் சொந்தமாகவே வந்தடைந்தோம் என்கிறது அமெரிக்கத் தரப்பு. எனக்கு இரண்டு தரப்பிலும் பாதி உண்மை தெரிகிறது. வாலைக் கண்டுபிடித்தது பலர். ஸ்டிக் செத்த பிறகு அதையே ஸ்டிக்காகப் பயன்படுத்தலாம் என்று எக்ஸ்-1 விமானிக்குச் சொன்னது ஒருவர். எம்.52இன் சிறிய ராக்கெட் மாதிரி ஒன்று 1948 அக்டோபரில் மாக் 1.38 தொட்டது. ஆளில்லாமல், தாமதமாக.

அந்த வால் சீக்கிரமே போருக்குப் போனது. எஃப்-86 சேபர் விமானத்தின் 'இ' வகையில் ஸ்டெபிலைசரும் எலிவேட்டரும் ஒன்றாக அசையும்படி செய்தார்கள். கொரியாவில் அதற்கு எதிரே வந்த சோவியத் மிக்-15இல் அது இல்லை. போர் முடிந்தபின் வடகொரிய விமானி ஒருவர் ஒரு மிக்-15ஓடு தப்பி வந்தார். ஒகினாவாவில் அதைச் சோதித்தவர்களில் யேகரும் ஒருவர். செங்குத்தாகப் பாயவிட்டு ஒலி வேகத்தை நெருங்கியபோது ஸ்டிக் செத்துப்போனது. சில ஆண்டுகளுக்கு முந்தைய அதே அனுபவம், இன்னொரு நாட்டு விமானத்தில். அடுத்த முறை விமானத்தில் ஏறும்போது அதன் வாலைப் பாருங்கள். கிடைமட்ட வால் உடலோடு சேரும் இடத்தில் அது மேலும் கீழும் உரசி நகரும் தடம் தெரியும். நம்மைச் சென்னையிலிருந்து டெல்லிக்குக் கொண்டுபோகும் விமானத்தின் வாலும் மொத்தமாகச் சாயும்.

யேகர் நெடுநாள் வாழ்ந்தார். இந்தியர்களுக்கு அவரோடு ஒரு விசித்திரமான கணக்கு பாக்கி உண்டு. 1971 போரின்போது அவர் பாகிஸ்தானில் அமெரிக்க ராணுவப் பிரதிநிதி. இந்திய ஹண்டர் விமானங்கள் சாக்லாலா தளத்தைத் தாக்கியபோது அங்கே நின்றிருந்த அவருடைய பீச்கிராஃப்ட் எரிந்துபோனது. அந்தத் தாக்குதலில் பறந்த அருண் பிரகாஷ் பின்னாளில் நம் கடற்படைத் தளபதியானார். யேகருக்குக் கடைசி வரை அந்தக் கோபம் தணியவில்லை. 2020 டிசம்பர் 7 அன்று தொண்ணூற்று ஏழு வயதில் இறந்தார்.

ரிட்லிக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. 1957 மார்ச்சில், டோக்கியோவுக்கு வடமேற்கே மலைப்பகுதியில் சி-47 விமானம் ஒன்று விழுந்தது. அதில் இருந்தார். வயது நாற்பத்தொன்று. ஒலியை முந்தும் விமானமோ, யாரும் போகாத உயரமோ இல்லை. பழைய, மெதுவான, நம்பகமான போக்குவரத்து விமானம். எட்வர்ட்ஸ் விமானத் தளத்தில் சோதனைப் பறப்புகளைக் கண்காணித்து விமானிகளோடு ரேடியோவில் பேசும் கட்டுப்பாட்டு மையத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.